செவ்வாய்க்கிழமை பதினொரு மணி

ஜூன் 10, 2024 – திங்கள்

கப்பலுக்கு ஆள் எடுக்கும் மூன்று ஏஜென்சிகளுக்குப் போன் செய்தேன். மூன்றிலும் பேசவில்லை.

முதல் இடத்தில் ஒரு பெண் எடுத்து "சொல்லுங்க சார்" என்றாள். என் பெயரைச் சொல்ல வேண்டும். கிளைட்டன். அந்த 'கி' தொண்டையிலேயே நின்றுகொண்டது. "ஹலோ? ஹலோ? சிக்னல் இல்லபோல" என்று வைத்துவிட்டாள். இரண்டாவது இடத்திலும் இதே கதை. மூன்றாவதில் யாரோ எடுத்ததும் நானே துண்டித்துவிட்டேன்.

கப்பலை விட்டு இறங்கி எட்டு மாதம். ஒரு வருடத்தைத் தாண்டினால் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்பார்கள், பிறகு எடுக்கமாட்டார்கள். இத்தனை காலம் ஏஜென்சியோடு பேசும் கஷ்டமே எனக்கு இருந்ததில்லை. நண்பன் அமலன் பேசுவான். அவன் மேல்தள ஆட்களுக்குத் தலைவனான போசன், நான் எஞ்சின் ரூமில் பிட்டர் – குழாய் வெல்டிங், ரிப்பேர். ஒரு காண்டிராக்ட் முடிந்ததும் அடுத்ததுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசி முடித்துவிடுவான். இப்போது துபாய் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான்.

பன்னிரண்டு வருடம் எனக்காகப் பேசியிருக்கிறான். ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை. இதை அவனிடம் சொல்லியிருக்கிறேனா? இல்லை.

ஜூன் 12 – புதன்

என் மனைவி பிலோமி இறால் கம்பெனிக்குக் கிளம்பும் முன், "நான் பேசுதேன், நீங்க சும்மா இரிங்க" என்று சென்னை ஏஜென்சிக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு வருட அனுபவம், எல்லாச் சர்டிபிகேட்டும் இருக்கு – கடகடவென்று சொன்னாள்.

"கேண்டிடேட் எங்க மேடம்?"

"பக்கத்துலதான் இருக்காங்க."

"அப்ப அவர்ட்ட குடுங்க. கப்பலுக்குப் போறது அவரா, நீங்களா?"

பிலோமி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். "அவங்க பாத்ரூம் போயிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் சிரித்தோம், வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எதற்கான கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 15 – சனி

இமெயில் ஒன்பது அனுப்பினேன். பதில் ஒன்றுமில்லை. எழுத்தில் நான் திக்குவதே இல்லை. யாராவது படித்தால்தானே தெரியும்.

ஜூன் 18 – செவ்வாய்

இன்று ஒன்று நடந்தது.

மும்பை ஏஜென்சி ஒன்றில் தமிழ் ஆட்களுக்கென்று தனி எண் இருக்கிறது. பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். வழக்கம்போல 'கி' வந்து அடைத்தது. கண்ணை மூடிக்கொண்டேன். ஹலோ வரவில்லை. சிக்னல் இல்லை என்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து போனைப் பார்த்தால் ஒரு நிமிடம் பத்து வினாடி ஓடியிருந்தது. லைனில்தான் இருந்தாள். எங்கோ பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம்.

"கிளைட்டன் மச்சாது" என்றேன்.

"ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான்!

எந்தெந்தக் கப்பல், எத்தனை மாதம், பாஸ்போர்ட் எதுவரை – எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். ஒரு இடத்திலும் என் சொல்லை அவள் முடித்துவைக்கவில்லை. கடைசியில், "தூத்துக்குடியா? நான் சாயர்புரம். உமாராணி. அங்கன மழ உண்டுமா?" என்றாள். இல்லை என்றேன். 'இல்லை' எனக்குச் சுலபமாக வரும் சொல்.

"இப்ப வேகன்சி இல்ல. திங்கக்கிழமைதான் கம்பெனிக்காரங்க லிஸ்ட் அனுப்புவாங்க. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிடுங்க, நான்தான் எடுப்பேன்."

மொத்தம் ஏழு நிமிடம். வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பிலோமி வந்ததும் சொன்னேன். "ஏழு நிமிசமா? எங்கிட்டயே நீங்க அம்புட்டுப் பேச மாட்டிய" என்றாள்.

ஜூன் 25 – செவ்வாய்

வேகன்சி இல்லை. நான்கு நிமிடம்.

ஜூலை 2 – செவ்வாய்

இல்லை. ஆனால் உமாராணி என் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, தீயணைப்புப் பயிற்சிச் சான்று டிசம்பரில் முடிகிறது, இப்போதே புதுப்பித்துவிடுங்கள் என்றாள். "அப்பதான் உங்க பேர மேல வைக்க முடியும்." இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு என்ன நஷ்டம்? பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

ஜூலை 5 – வெள்ளி

விசைப்படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சியைப் பார்த்தேன். கப்பல் கிடைக்கும்வரை வெல்டிங் வேலைக்கு வரலாமா என்று கேட்க நினைத்தேன். பாதி கேட்பதற்குள் புரிந்துகொண்டார். "நாளைக்கே வாரும்" என்றார். செவ்வாய்க்கிழமை மட்டும் பத்தரை மணிக்குக் கொஞ்சம் வெளியே போகணும் என்றேன். "போயிட்டு வாரும். எங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ!

ஜூலை 9 – செவ்வாய்

ஒரு வேகன்சி வந்திருந்தது. உமாராணி என் பெயரை அனுப்பியிருக்கிறாள். கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது. அவனுக்கு டேங்கர் கப்பல் அனுபவம் இருக்கிறதாம்.

சரி என்று வைத்துவிட்டேன். சரி இல்ல. ஒண்ணும் சரி இல்ல. வாராவாரம் எதுக்கு இப்படிக் கிடந்து கெஞ்சணும்? பட்டறையிலயே கெடந்துட்டுப் போவலாம்லா? பிலோமி நாள் பூரா ஐஸ் தண்ணிக்குள்ள கைய வச்சு இறால் உரிக்கா. நான் போனக் கையில வச்சிக்கிட்டு ஒரு எழுத்தோட மல்லுக்கட்டுதேன்.

ஜூலை 16 – செவ்வாய்

கூப்பிடவில்லை.

ஜூலை 17 – புதன்

பட்டறையில் ஒரு சைலன்சரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மும்பை எண்.

"நேத்து நீங்க கூப்பிடலயே, உடம்புக்கு முடியலையா?"

ஏஜென்சியிலிருந்து எனக்குப் போன் வருவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. என்ன சொல்வது? எதுவும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு, "லிஸ்ட்ல உங்க பேர எடுத்துரவா, வைக்கவா?" என்றாள்.

"வைங்க" என்றேன். அது மட்டும் தடுக்காமல் வந்தது.

ஜூலை 26 – வெள்ளி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் பிலோமியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதாவிடம் இந்த வருடம் எதையும் கேட்கவில்லை. பெயர்கள் மட்டும் சொன்னேன் – அமலன், பிலோமி, தங்கதுரை அண்ணாச்சி, உமாராணி. மனசுக்குள் சொன்னதால் திக்கவில்லை.

ஜூலை 30 – செவ்வாய்

நிலக்கரி ஏற்றும் கப்பல். பிட்டர், ஆறு மாதக் காண்டிராக்ட். வியாழக்கிழமை கம்பெனி எஞ்சினியர் வீடியோவில் இன்டர்வியூ எடுக்கிறார்.

உமாராணி கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "உங்க பேச்சப் பத்தி நான் முன்னாடியே சொல்லிரட்டுமா? சொன்னா வேண்டாம்னாலும் சொல்லிருவாங்க. சொல்லாட்டி இன்டர்வியூல எப்படியும் தெரிஞ்சிரும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

ஆறு வாரமாக அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறைத்துப் பேசாமல் நேராகக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

"நானே சொல்லுதேன்" என்றேன்.

ஆகஸ்ட் 1 – வியாழன்

பிலோமி அரை நாள் லீவு போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்தாமல்.

நான் திக்குவேன் சார், நேரம் எடுக்கும், ஆனால் சொல்லி முடிப்பேன் – இதைத்தான் முதலில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்கே முக்கால் நிமிடம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழாய்களைப் பற்றிக் கேட்டார். ஒரு வளைவை எப்படி வெட்டுவேன் என்று காகிதத்தில் வரைந்து கேமராவுக்குக் காட்டினேன்.

பிறகு கேட்டார்: "எஞ்சின் ரூமில் தீ. நீ மட்டும்தான் பார்க்கிறாய். அப்போது என்ன செய்வாய்?"

கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. கப்பலில் இருபது பேர் உயிர்.

"வாய்க்கு முன்னால் கை சார்" என்றேன். மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைச் சொன்னேன். எண்ணெய்க் குழாய் வெடித்துச் சூடான புகைக்குழாய்மேல் பீய்ச்சியது. முதலில் அலாரத்தை அழுத்தினேன், அடுத்து வால்வை அடைத்தேன். மற்றவர்கள் ஓடி வந்தபோது புகை மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, யாரும் பேசச் சொல்லவும் இல்லை. வேண்டுமானால் அந்தச் சீஃப் எஞ்சினியரிடம் கேளுங்கள் என்று பெயரும் கொடுத்தேன்.

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ. அவர் எதையோ எழுதிக்கொண்டார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

பிலோமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்தக் குழாய் வெடிச்ச கதய எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

ஆகஸ்ட் 6 – செவ்வாய்

பதில் வரவில்லை. அடுத்த செவ்வாயும் கூப்பிடுங்க என்றாள் உமாராணி.

ஆகஸ்ட் 13 – செவ்வாய்

"செலக்டட். அந்தப் பழைய சீஃப்கிட்ட விசாரிச்சிருக்காங்க."

எந்தத் தேதி என்று கேட்டேன். இந்தத் தடவை திக்கல் இல்லை.

இறால் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ஷிப்டு முடியும்வரை கேட் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும், "எப்போ?" என்றாள். "இருபத்தெட்டு" என்றேன். வெளுத்துச் சுருங்கிய விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது, போனது. நாங்கள் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

இரவு அமலனுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். பன்னிரண்டு வருடக் கடன். 'ஏலே, அழ வச்சிட்டியே' என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 27 – செவ்வாய், மும்பை

ஏஜென்சியில் கையெழுத்து. நான்காவது மாடி, சின்ன அறை, ஐந்து மேசை. உமாராணிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஊரிலிருந்து கொண்டுபோன மக்ரூன் டப்பாவைக் கொடுத்தேன். அங்கேயே பிரித்து எல்லா மேசைக்கும் கொடுத்தாள்.

கேட்டுவிட்டேன். முதல் நாள் ஏன் போனை வைக்காமல் அவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உண்மையச் சொல்லட்டுமா? அன்னைக்கு என் சிஸ்டம் ஹேங் ஆகிட்டு. ஸ்கிரீன் வாறதுக்கும் நீங்க பேர் சொல்லுறதுக்கும் சரியா இருந்துது. நீங்க திக்குறத நான் கவனிக்கவே இல்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில்? அப்போதெல்லாம் சிஸ்டம் நன்றாகத்தானே ஓடியது. அதைச் சொல்லி நன்றி சொன்னேன், முழுசாக.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். மேசையில் போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க" என்றாள், வேறு யாருக்கோ.

செப்டம்பர் 7 – சனி, கடலில்

இன்று முதல் தீயணைப்பு ஒத்திகை. அலாரம் அடித்ததும் மேல்தளத்தில் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராகப் பெயரையும், தீ பிடித்தால் தன் வேலை என்ன என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒன்பது பேர். எல்லாரும் நொடியில் சொல்லிவிட்டார்கள்.

என் முறை வந்தது. காற்று பலமாக அடித்தது. நேரம் எடுத்தது. பெயரைச் சொன்னேன். இரண்டாம் நம்பர் தண்ணீர்க் குழாய், முன்வரிசை என்றேன்.

சீஃப் ஆபீசர் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.