தோட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்

சித்தி,

என் தலைமுடியில் இன்றைக்குப் புதுத்தோல் வாசனை அடிக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கும் மேலே ஏறி நிற்கிறது. ராத்திரி சாப்பிடும்போது பின்னலை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். "சோத்த விட்டுட்டுச் சடைய மோந்துகிட்டு இருக்காளே" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். அது எதன் வாசனை என்று அவளுக்குத் தெரியும். அவள் தலையிலும் அதே வாசனைதான்.

இதை அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கைப் போடவில்லை. தெருவிளக்கு ஜன்னல் வழியாக மேடையில் விழுகிறது, அது போதும். போய்ச் சேர்ந்தவர்களை ராத்திரியில் நினைத்துக் கூப்பிடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நீ போன பிறகு, விளக்கு வைத்துவிட்டால் உன் பேச்சையே இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் என்னவோ நகர்கிற மாதிரி இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. நாம் ஜெயித்துவிட்டோம், சித்தி. சரியாகச் சொன்னால் நம் சண்டையில் நீ ஜெயித்தாய், நான் தோற்றேன். அதில்தான் இவ்வளவு சந்தோஷம்.

சௌரங்கிக் கடைத்தெருவில் அந்த ரேடியோக் கடைக்கு நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஹெட்ஃபோன்கள் இருந்தன. கடைக்காரர் நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே குரலில், "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாய். அவர் அப்படியே நிமிர்ந்து நின்றார். பெட்டி திறந்தது.

முதலில் தந்தது முதுகுப்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. நீ மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாய். உன் காதில் அடித்த தபலா எனக்குக் கேட்டது, கடைக்காரருக்குக் கேட்டது, வாசலில் நின்றவருக்கும் கேட்டது. "இது நமக்கு ஆகாது" என்று கழற்றிவிட்டாய். "நம்ம வீட்டு ஒத்த ரூம்ல ஒருத்தி கேட்டா நாலு பேரு கேட்ட மாதிரி ஆயிரும். மூடுனதுதான் வேணும். நம்ம சத்தம் வெளிய போகக்கூடாது, ஊர்ச் சத்தம் உள்ள வரக்கூடாது."

மூடினதில் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது. தோல் மெத்தைக்குள் காதை முழுக்க வாங்கிக்கொள்ளும், சுருள் வயர் போட்டது. இன்னொன்று சின்னது. மடக்கிப் பைக்குள் வைக்கலாம், காதின் மேலே உட்காரும். வீட்டுக்கு ஒன்று, வெளியில் போக ஒன்று என்றார் கடைக்காரர். "வீட்டுக்கு ஒண்ணு, டிராமுக்கு ஒண்ணுன்னு நமக்கு யாரு குடுக்கப் போறா? ரெண்டுக்கும் ஒண்ணே ஆகணும்" என்றாய் வெளியே வந்ததும். உனக்குப் பெரியதுதான். எனக்குச் சின்னதுதான். திரும்பி வருகிற டிராம் முழுக்கச் சண்டை போட்டோம். பெரியதை மாட்டிக்கொண்டு தெருவில் போனால் விமானம் ஓட்டுகிறவள் என்பார்கள் என்றேன். "சொல்லட்டுமே, எக்ஸ்சேஞ்சுல ஒத்தக் காதுலயே காலம் போச்சு. ரெண்டு காதும் நெறைய ஒரு தடவை கேக்கணும்டி" என்றாய்.

அந்த ஒற்றைக் காது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றுதான் இன்று சாயங்காலம் வரை நினைத்திருந்தேன். வேலைக்குப் போனதும் இடது காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாய். தோடு இருந்தால் காதுக்கும் கருவிக்கும் நடுவே சந்து விழும். "நூலளவு சந்து போதும், பாதிச் சத்தம் ஓடிரும்" என்பாய். வீடு திரும்பும்போது மாடிப்படியில் நின்று மறுபடி போட்டுக்கொள்வாய். காது மூளியாக இருந்தால் அம்மா தாங்கமாட்டாள். வீட்டுக்கு ஆகாது, பெண் பிள்ளைக்கு ஆகாது என்பாள். குளிக்கும்போதுகூட என்னைத் தோட்டைக் கழற்ற விடமாட்டாள்.

நீ மாமாவுக்கு எழுதிப் போட்டிருந்தாய் அல்லவா, வரும்போது மூடின ஹெட்ஃபோன் வாங்கி வா என்று. கப்பலில் வேலை பார்க்கிற மாமாவுக்கு இரண்டில் எதை வாங்குவது என்று தெரியவில்லை. இரண்டையும் வாங்கிவிட்டார். அவர் கப்பல் கிதிர்பூர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது நீ இல்லை. இன்று சாயங்காலம் இரண்டு அட்டைப் பெட்டிகளையும் கட்டிலில் வைத்துவிட்டு, அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு உனக்குத்தான். அவ உனக்குத்தான் குடுத்திருப்பா" என்றார். கூடவே பாக்கெட்டில் அடங்குகிற ஒரு டேப் பிளேயரும் தந்தார்.

மாமா வந்திருந்ததால் அப்பா கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருந்தார். காப்பிப்பொடி வாசனையோடு வந்து பெட்டிகளைப் பார்த்தார். "பெருசு மாடி வீட்டுக்காரங்களுக்குப் போகட்டும் மாப்ளே" என்றார் மாமாவிடம். "அவளுக்கு முடியாமப் போன அன்னைக்கு அவங்க கார் இல்லேன்னா ஆஸ்பத்திரி வாசலக்கூடப் பாத்திருக்க மாட்டோம். பாப்லுகிட்ட பெரிய செட்டு இருக்கு. இவளுக்குச் சின்னது போதும்."

எனக்கும் அதுதானே வேண்டும்? நான்தானே சண்டை போட்டேன்? ஆனால் அப்பா சொன்னதும் என் கண் பெரிய பெட்டிக்குத்தான் போனது. பெரியதை நீ ஒரு தடவைகூட மாட்டிப் பார்க்கவில்லையே என்று இருந்தது. வழக்கம்போல எனக்குக் குரல் வரவில்லை. "உன் லைன் எப்பவும் டெட்டுட்டி" என்பாயே, அப்படி நின்றேன்.

பாப்லுதா, நம் மாடி வீட்டு வங்காளி அண்ணன், துள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். அவருடைய தடிமனான மூக்குக்கண்ணாடி உனக்குத் தெரியும். போட்டுப் பார்க்க ஒரு கேசட் கேட்டார். நான் கையில் கிடைத்ததைக் கொடுத்தேன். அது நம் சரோத் வாத்தியக் கேசட். பூஜை விடுமுறையில், தெருவில் பாதாள ரயிலுக்குத் தோண்டுகிற வேலை நின்றிருந்த அந்த மத்தியானம், ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, ஜன்னலை எல்லாம் அடைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்து பதிவு செய்தோமே, அது.

இன்று பாதாள ரயில் வேலை நிற்கவில்லை. வெளியே இரும்பை மண்ணில் இறக்குகிற சத்தம், தட், தட் என்று ஜன்னல் கம்பியையே ஆட்டிக்கொண்டிருந்தது. பாப்லுதா பெரியதை மாட்டினார். சத்தத்தைக் கடைசிவரை திருப்பினார். முகம் சுருங்கியது. "பேஸ் நெய், காக்கு. ஏக்தம் பாஜே" என்றார் அப்பாவிடம். அடிச்சத்தமே இல்லை, படு மோசமாம். அடுத்து அம்மாவை மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். கொண்டையும் பூவும் வைரத்தோடுமாக மாட்டிக்கொண்டு, "தகரத்தக் கொட்டுற மாதிரில்லா இருக்கு" என்றாள். மாமாவும் போட்டுப் பார்த்தார். கப்பல் இன்ஜின் அறையில் அவர் காது எப்போதோ பாதி போய்விட்டது. "எனக்கு எல்லாமே இப்படித்தான் கேக்குது" என்றார்.

அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. "கெட்டுப்போனதையா அவங்களுக்குக் குடுக்கப் பாத்தோம்? பாப்லு, நீ சின்னத எடுத்துக்கோ. மாப்ளே, இத எடுத்துட்டுப் போய் வாங்கின ஊர்லயே மாத்திரும்" என்றார். மாமாவின் கப்பல் நாளைக் காலையில் புறப்படுகிறது.

அவர் பெட்டியை மூடப்போனார். அப்போது நான் பாப்லுதாவின் கண்ணாடிக் கம்பியைப் பார்த்தேன், சித்தி. பிறகு அம்மாவின் தோட்டை. பிறகு உன் மாடிப்படி ஞாபகம் வந்தது.

அது கெடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நல்லது என்று தெரிந்தால் அது மாடிக்குப் போகும். சொல்லாவிட்டால் கப்பலேறிப் போகும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு இல்லை. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் நின்று, "லைன்ல இருக்கியாட்டி?" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நானே திருகாணியைச் சுழற்றினேன்.

"ஏ, என்னட்டி பண்ணுத?" என்று அம்மா ஓடிவந்தாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல காத மூளியாக்கிக்கிட்டு!"

இரண்டு தோட்டையும் கழற்றிவிட்டேன். ரிப்பன் போட்டு மடித்துக் கட்டிய பின்னல்களைக் காதுக்குப் பின்னால் தள்ளினேன். மாமாவின் கையிலிருந்து அதை வாங்கி மாட்டினேன்.

பாதாள ரயில் வேலை நின்றுவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். ஜன்னல் கம்பி ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் எங்கோ அடுத்த ஊரில் இருக்கிறது. அம்மாவின் வாய் அசைகிறது, திட்டு வரவில்லை. அதற்குள் சரோத்தின் கீழ்த்தந்தி ஒன்று எழுந்து வந்தது. காதில் கேட்ட மாதிரி இல்லை, கழுத்துக்குள் கேட்டது. பாப்லுதா கடைசிவரை திருப்பியிருந்த சத்தத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். குறைந்த சத்தமே போதுமாக இருந்தது. டிராமுக்கும் போதும், சித்தி. நீ சொன்னதுதான் சரி. இரண்டுக்கும் இந்த ஒன்றே ஆகும்.

அடுத்த தந்தி வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. பிறகு நீ. "ஷ்ஷ்... சிரிக்காதட்டி."

நீ. அவ்வளவு பக்கத்தில். எத்தனை தடவை அந்தக் கேசட்டைப் போட்டிருக்கிறேன், நம் பழைய டேப் ரெக்கார்டரின் குட்டி ஸ்பீக்கரில் அது ஒருநாளும் கேட்டதில்லை. உன் குரல் அதில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

கழற்றினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது கெடல" என்றேன். குரல் வந்தது. "தோடு தடுக்குது. பாப்லுதாவுக்குக் கண்ணாடி தடுக்குது. சந்து வழியாச் சத்தம் ஓடிருது." அங்கேயே நிறுத்தியிருந்தால் பழைய நான். நிறுத்தவில்லை. "எனக்கு இதுதான் வேணும்ப்பா. மாடிக்குக் குடுக்க வேண்டாம். சித்தி கேட்டது இதத்தான்."

அப்பாவுக்கு முன்னால் நான் 'வேண்டும்' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "அத்தான், அவளுக்குன்னு வாங்கினது" என்று மட்டும் சொன்னார். 'அவள்' என்றது உன்னையா, என்னையா என்று தெரியவில்லை. இருவரையும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பாப்லுதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். "ஓரே பாபா!" என்று கத்தினார், தான் கத்துவது தெரியாமல். பிறகு கண்ணாடியைத் தேடிக் கட்டிலில் தடவினார். கடைசியில் மாமாதான் எடுத்துக் கொடுத்தார். "ஏட்டா ஓர், காக்கு" என்றார், இது அவளுடையது என்று. "கண்ணாடி இல்லாமல் என்னால் பஸ் நம்பரைக்கூடப் படிக்க முடியாது. எனக்குச் சின்னதுதான் சரி." அதை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே படியேறிப் போனார்.

ஆனால் நான் உன்னிடம் சொல்ல வந்தது இது இல்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா என் தோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். அடி விழும் என்று நினைத்தேன். "அதுல என்ன கேட்டுச்சு? மொகம் ஒரு மாதிரிப் போச்சே" என்றாள். பொய் சொல்ல வரவில்லை. "சித்தி பேசுறா" என்றேன்.

அம்மா என் தோட்டை ஜன்னல் ஓரமாக வைத்தாள். பிறகு பூவை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கொண்டையைத் தளர்த்தினாள். கல்யாணத்துக்குப் போட்ட அந்த வைரத்தோட்டை, ஒரு காதில், பிறகு மறு காதில், அவளே கழற்றினாள். அவள் காதுகளை அப்படி வெறுமையாக நான் பார்த்ததே இல்லை. ரொம்பச் சின்னக் காதுகள், உன்னுடையவை மாதிரியே. நான்தான் மாட்டிவிட்டேன். அந்த இடைவெளி வரும்போது எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் நீ வந்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

"திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். "இன்னொருக்க" என்றாள்.

வெகுநேரம் கழித்துத் தன் தோட்டைப் போட்டுக்கொண்டாள். என்னுடையதைப் போட்டுவிடவில்லை. என் கைக்குட்டையை வாங்கி, அதன் முனையில் இரண்டையும் வைத்து இறுக்கி முடிந்து என் கையில் கொடுத்தாள். "தொலைச்சிராத. கேட்டு முடிச்சதும் போட்டுக்கோ. அவளும் இப்படித்தான் முந்தானைல முடிஞ்சுக்கிட்டு வருவா. படில நின்னு போட்டுக்குவா. எனக்குத் தெரியாதுன்னு கடைசிவரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தா, கழுத."

பார்த்தாயா, சித்தி. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நீ தோட்டைப் போட்டு முடிக்கும்வரை கதவைத் திறக்காமல் உள்ளே நின்றிருக்கிறாள்.

நாளைக்கு லேக் மார்க்கெட் நிறுத்தத்தில் இதை மாட்டிக்கொண்டுதான் டிராம் ஏறப்போகிறேன். விமானம் ஓட்டுகிறவள் என்று சொல்லட்டும். கைக்குட்டை முடிச்சு என் கைக்குள் இருக்கும். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நகர்ந்தது பல்லிதான், இப்போது பார்த்துவிட்டேன். நான் லைனில் இருக்கிறேன்.