அம்பலாங்கொடையில் எங்களுக்கு என்ன அலுவல்?

ரயில் ஓசையை வைத்தே நேரம் சொல்லும் என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். நானும் அம்மாவும் அம்பலாங்கொடைக்குப் போய்வந்தோம்! கோயிலுக்கு அல்ல, கலியாண வீட்டுக்கு அல்ல, யாரையும் ஆஸ்பத்திரியில் பார்க்கவும் அல்ல. சும்மா போனோம். சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் ஏறி, பொழுதுபடுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு நாளாகியும் எனக்கு இன்னும் கால் நிலத்தில் படவில்லை. அலுவலகத்தில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, தெற்கே போகிற ஒவ்வொரு ரயிலுக்கும் நீங்கள் ஊர்ப்பெயர் சொல்வீர்கள். இது அளுத்கமையோடு நின்றுவிடும், இது காலிக்கு, இது மாத்தறைக்கு. போர் முடிந்த பிறகு ஒருநாள் நான் கேட்டேன், ஒன்றில் ஏறி ஏதாவதொரு சின்ன ஊரில் இறங்கிப் பார்ப்போமா என்று. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "அங்க எங்களுக்கு என்ன அலுவல், பிள்ளை?" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? இப்போது அந்தக் கோபம் இல்லை, கவலைதான் மிச்சம்.

உங்களையும் குறை சொல்ல முடியாது. ஆமியும் பொலிஸும் வழியில் மறித்து எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்ட காலத்தில், ஊர் பார்க்கப் போகிறேன் என்று எங்கள் தமிழ் ஆட்கள் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? அதனால் முதலில் ஒரு காரணத்தைத் தேடி எடுத்த பிறகுதான் நீங்கள் சப்பாத்தைப் போடுவீர்கள். மறிப்பதெல்லாம் நின்று எத்தனை வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகும் நீங்கள் காரணமில்லாமல் பக்கத்துத் தெஹிவளையைக்கூடத் தாண்டவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம். அம்மாவுக்கும் காரணம் தேடுகிற அதே நோய்தான். உங்கள் மருந்தும் கிளினிக்கும்தான் அவருக்கு வெளியே போவதற்கான காரணங்களாக இருந்தன. அவையும் போனபிறகு சந்தைக்குக்கூட என்னையே அனுப்பத் தொடங்கினார். இப்படியே நாலு சுவருக்குள் சுருங்கிப்போய்விடுவாரோ என்று நான் பயந்துபோனேன். கடைசியில், டிக்கெட் எடுத்துவிட்டேன், வராவிட்டால் வீண் என்று ஒரு பொய்யைச் சொல்லித்தான் கிளப்பினேன்.

கிளம்பின பிறகு பார்க்கவேண்டுமே! பாணந்துறை தாண்டியதும் கடல் ஜன்னலுக்குள் வந்துவிடும் போல இருந்தது. களுத்துறைப் பாலத்தில் அம்மா எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தார். அளுத்கமையில் இறால் வடை விற்கிறவர் ஏறினார். சனிக்கிழமை, சைவம் அல்லவா என்று நினைவுபடுத்தினேன். சனி விரதம் உங்களுக்குத்தான், தனக்கில்லை என்று சொல்லிக்கொண்டே அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். இவ்வளவு காலமும் உங்களுக்காகத்தான் வாயைக் கட்டியிருக்கிறார், தெரியுமா?

அம்பலாங்கொடையில் இறங்கி வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றோம். தெருவோரத்தில் நின்ற ஒரு இளம் பொலிஸ்காரர் எங்களிடம் வந்தார்.

"கொஹேத அம்மே யன்னே?"

எங்கே போகிறீர்கள் அம்மா என்றுதான் கேட்டார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. கைப்பையைத் திறந்தார். உள்ளே உங்கள் பழைய ஃபைல்! அதைக் கொண்டுவந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொலிஸ் பதிவுத் தாள். போர்க்காலத்தில், வீட்டில் தங்கியிருப்பவர்கள் எல்லாருடைய பெயரும் எழுதி, முத்திரை குத்தி வாங்கி, நீங்களே பிளாஸ்டிக் உறை போட்டு வைத்த தாள். முதல் பெயர் உங்களுடையது.

அம்மா அதை நீட்டினார். பொலிஸ்காரர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். போர் முடிந்தபோது அவர் சின்ன வகுப்பில் இருந்திருப்பார். இது என்ன என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை அப்பா, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்கி அவருக்கு விளக்குவது? அதையும் நடுத்தெருவில் நின்றுகொண்டு?

அதற்குள் அம்மா கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பரண கொலயக் புதே. அபி நிக்கங் பலன்ன ஆவே."

பழைய தாள் மகன், நாங்கள் சும்மா பார்க்க வந்தோம் என்கிறார்! ஒரு பொலிஸ்காரரிடம், சிங்களத்தில், குரல் நடுங்காமல். அவரும் அது உலகத்திலேயே சாதாரணமான பதில் என்பதுபோலத் தலையாட்டினார். நாங்கள் முழுசிக்கொண்டு நின்றதைப் பார்த்து உதவி செய்யத்தான் வந்திருக்கிறார், பாவம். முகமூடி செய்கிற இடத்துக்கு வழி சொன்னார். எருமைத் தயிர் சாப்பிடாமல் போகவேண்டாம் என்றும் சொன்னார்.

பிறகு அம்மாவை எனக்குப் பிடித்து நிறுத்த முடியவில்லை. முகமூடிப் பட்டறையில் சீவின மரத்தின் வாசமும் காயாத பெயின்ட் வாசமுமாக இருந்தது. கண் பிதுங்கிய ஒன்றின் முன்னால் நின்று, ரயில் பிந்தினால் உங்கட அப்பா இப்பிடித்தான் என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தயிரில் இனிப்பான கித்துள் பாணியை ஊற்றி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கடற்கரைப் பாறையில் இருந்துகொண்டு காலைத் தண்ணீரில் விட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் மேல் எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது, அப்பா. இரண்டு மணி நேரப் பயணம்தானே? நீங்கள் பயந்தது உங்களுக்காகவா, எங்களுக்காகவா? நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் வந்திருப்பீர்களா?

திரும்பி வரும்போது அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். மொறட்டுவை வரத்தான் என் பக்கம் திரும்பினார்.

"சிலாபத்துக்கு அவரோட எத்தினை தரம் போயிருப்பன்? முன்னேஸ்வரத்தில கும்பிட்டிட்டு அடுத்த பஸ்ஸில ஓடி வந்திடுவம். அந்த ஊர் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இன்னும் தெரியாது."

ஆகவே வருகிற போயா விடுமுறைக்கு நாங்கள் சிலாபம் போகிறோம். மீன் சந்தையைப் பார்ப்போம், கடலேரியைப் பார்ப்போம், அம்மாவுக்குப் பிடித்த தெருவில் எல்லாம் திரும்புவோம். கோயிலுக்குக் கடைசியாகத்தான் போவோம். சுவாமி கோபிக்கமாட்டார், நீங்களும் கோபிக்கக்கூடாது. பொழுது பட்டாலும் சரி, கடைசி பஸ் போனாலும் சரி, அம்மா பார்த்து முடிக்கும்வரை நான் அவரை அவசரப்படுத்தமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
இப்போது அம்மாவின் வழித்துணை