கஞ்சி யார் வைத்துத் தருவார்கள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

நித்யஸ்ரீ எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று குரோம்பேட்டை ஸ்டுடியோவில் எழுத்தாளர் அச்சுதனைப் பேட்டி எடுத்தேன். தனிமைதான் விடுதலை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர். முன்பே அனுப்பிய கேள்விகளைத் தவிர வேறெதுவும் கேட்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. நான் கேட்டுவிட்டேன்.

"சார், காய்ச்சல் வந்தா உங்களுக்கு யார் கஞ்சி வெச்சுத் தருவாங்க?"

அவர் கை சட்டை மைக்குக்குப் போனது. கழற்றி வீசிவிட்டுப் போகப்போகிறார் என்றே நினைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் சேனல் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அச்சுதன் என் முகத்தையே பார்த்தார்.

"உனக்கு யாரும்மா வெச்சுத் தராங்க?"

தாளில் அடுத்த கேள்வியைத் தேடினேன், கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "இதுதாம்மா பேட்டியே, ஒரு செகண்ட்கூட வெட்ட மாட்டேன்" என்கிறார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் வரும். என் முகத்தைப் பார்த்து அப்பா பயந்துவிடப் போகிறார், நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. போன வாரம் லேசான காய்ச்சல்தான், விட்டுவிட்டது.

தாம்பரத்தில் ரயில் பிடிக்க வேண்டும், நேரமாகிறது. கஞ்சிப் பொடி அரைத்து அனுப்பு. எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்றும் எழுது, நானே வைத்துக்கொள்கிறேன்.

உன்,
நித்யா