காலை ரயிலில் ஒரு வார்த்தை

அன்புள்ள மோனிஷாவுக்கு,

ஆவடியில் ஹாஸ்டல் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் காலை ரயிலுக்கு நான் வர மாட்டேன்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கிற சாக்கில், திருத்தணியில் ஏறி அரக்கோணம் வருவதற்குள் தினமும் ஓர் ஆங்கில வார்த்தை பிறந்த கதையைச் சொல்வாய். விண்டோ என்றால் காற்றின் கண் என்று சொன்ன அன்று ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாய். அப்புறம் நீ அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

உன் அண்ணனைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. நல்ல தாளை ஏன் வீணாக்க வேண்டும்?

கோர்ட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த மறுநாள், உன் முகத்தைப் பார்க்கத் தயங்கி வேறு பெட்டியில் ஏறினேன். தேடிக்கொண்டு வந்துவிட்டாய்.

"இன்னா அண்ணி, நான் அங்க இடம் வச்சிக்கினு இருக்கேன், நீங்க இங்க வந்து நிக்கிறீங்க?"

வேறு எதுவும் கேட்கவில்லை. உன் டிபன் பாக்ஸிலிருந்த புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாய். ரொட்டியைப் பங்கிட்டு உண்கிறவர் என்பதிலிருந்துதான் கம்பானியன் என்ற வார்த்தை வந்தது என்றாய். அன்று அழாமல் வேலைக்குப் போனேன் என்றால் அது உன்னால்தான்.

தை மாதம் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவளும் சென்னையில்தான் வேலை பார்க்கிறாளாம். ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடு. பாவம், அவளுக்கு எல்லாமே புதுசு. தினமும் ஒரு வார்த்தை சொல்லு. அவளையும் அண்ணி என்றே கூப்பிடு.

கம்பானியன் மட்டும் சொல்லாதே. அது எனக்கு இருக்கட்டும்.

இப்போதும்,
உன் அண்ணி