பதினான்காம் பக்கத்து முகம்

நவம்பர் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், அச்சகத்திலிருந்து நேற்று வந்த கட்டைப் பிரித்தது. ‘உப்பன்’ காமிக்ஸ், மூன்றாம் இதழ். வெளியே தூறல். கதை, வசனம் என் வீட்டுக்காரர், ஓவியம் நான். அட்டையில் அவர் பெயர் பெரிதாக. என் பெயர் விலைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

யாரோ போட்ட புத்தகம் என்று நினைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன்.

ஓவியம்: பக். 5, நாயகன் உப்பனின் மேலங்கி கடல் பக்கம் பறக்கிறது, படகுக் கொடி ஊர்ப் பக்கம். ஒரே காற்று, இரண்டு திசை. என் தப்பு. பக். 9, துறைமுகச் சண்டை பரவாயில்லை. வில்லன் கை மட்டும் வாழைப்பூ மாதிரி.

எழுத்து: குதிக்கும்போது “இதோ குதிக்கிறேன்!” அடிக்கும்போது “இந்த அடியை வாங்கிக்கொள்!” படத்தில் தெரிவதையெல்லாம் இன்னொரு தடவை சொல்கிறான். குப்பத்துப் பையனுக்கு மேடைப் பேச்சு.

பக். 14. அங்கேயே நின்றுவிட்டேன். மகன் இல்லாமல் திரும்பிய படகைப் பார்த்து நிற்கும் தாய். பக்கம் முழுக்க ஒரே படம். வசனம் வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். கடைசியாகக் கம்ப்யூட்டரில் வசனப் பலூன் வைப்பது அவர். வைத்துவிட்டார், தாயின் முகத்தின் மேலேயே. “ஐயோ! என் மகன் வரவில்லையே! நெஞ்சு வெடிக்கிறதே!”

ஒரு கண் மட்டும் மிச்சம்.

நவம்பர் 5, புதன்

வெயில். காஸ் பதிவு. முருங்கைக்காய், கொத்தமல்லி.

தோசை சாப்பிடும்போது கேட்டேன். “மூஞ்சியப் பாத்துட்டுப் பக்கத்தத் திருப்பிடுவாங்க. வசனம்தான் ஆள நிறுத்தும்” என்றார். படத்தில் மேலே வானம் அவ்வளவு காலியாகக் கிடந்ததே என்றேன். அங்கே வைத்தால் எடுப்பாக இல்லையாம். சட்னியில் உப்பு கம்மி என்றும் சொன்னார்.

நவம்பர் 7, வெள்ளி

வைத்திக்குப்பம். நெத்திலி வாங்க என்று போனேன். உண்மையில் புத்தகம் கொடுக்க. அந்தத் தாய்க்கு நான் பார்த்து வரைந்தது மீன் விற்கும் அஞ்சலை அக்காவை. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள். புத்தகத்தில் உங்க முகம் வரும் என்று சொல்லியிருந்தேன். மீன்காரிகள் வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்துக் கூடைக்காரி: “எங்கடி உன் மூஞ்சி? வெள்ளையா ஒரு முட்டைல்ல மூடிக்கினு இருக்குது.”

சிரிப்பு. அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள். படித்துக் காட்டினேன், வேறு என்ன செய்ய.

“நானா இப்டிக் கத்துனேன்? அவரு போன அன்னிக்கி எனக்கு வாயே வரலியேம்மா.”

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஈரக் கையாம், பாழாகிவிடுமாம். மீனை மட்டும் அளந்து போட்டாள்.

சாயங்காலம். அடுத்த இதழுக்குப் படம் எப்போது தொடங்குவாய் என்று அவர் கேட்டார். நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

பக். 14-இன் மூலப்படம் பீரோவில் இருக்கிறது. பலூன் இல்லாதது. நாளை கண்ணாடி போடக் கொடுத்து, அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

நான்காம் இதழுக்கு நான் வரையப்போவதில்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உப்பன் வசனத்திலேயே குதித்துக்கொள்ளட்டும்.