ஈரத்துணிப் பரீட்சை

ஜூன் 2

அன்புள்ள வாலு,

நலம்தானே? நானும் அப்பாவும் சௌக்கியம். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். கேட்டால், "அதுல பேரா எழுதியிருக்கு? முதல்ல போத்திக்கிட்டவருக்குத்தான்" என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கத்தரிக்கோல் கம்பெனி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த ஊர்த் தொழிற்சாலையை ஆகஸ்ட்டோடு மூடுகிறார்களாம். இனிமேல் கொக்கு மார்க் கத்தரி எல்லாம் நீ இருக்கும் நாட்டில்தான் தயாராகுமாம். அதைக் கேட்ட அப்பா, "கத்தரிக்குக்கூட பாஸ்போர்ட் கிடைச்சிடுச்சு, எனக்குத்தான் இன்னும் கிடைக்கல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலையே வீடு நிறைந்துவிட்டது. எல்லோரும் தொழிற்பள்ளியில் என்னிடம் தையல் படித்தவர்கள். முதல் ஆளாக வந்தவன் ஊசி. பஸ் நிலையத்துக்கு எதிரில் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். உடம்பும் அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது.

"டீச்சர், முதல் நாள் வகுப்புல என்ன சொன்னீங்க? மத்த கத்தரியெல்லாம் துணியை மெல்லும், கொக்கு மார்க்தான் வெட்டும்னீங்க. நாங்க வாங்கினோம். எங்க கடைப் பசங்களையும் வாங்க வெச்சோம். இப்ப அவன் மூட்டை கட்டிக்கிட்டுப் போறான். யாரைப் போய்க் கேக்கறது?"

கம்பெனியில் சாணை பிடிக்கிறவரும் வந்திருந்தார். பின்தெருக்காரர். சின்ன வயதில் நீ அவரைத் தீப்பொறி மாமா என்பாய். கொடுத்த டீயை ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி தையற்காரர் சங்க மண்டபத்தில் கூட்டம். எல்லோரும் தங்கள் கத்தரியை மேஜைமேல் வைத்து, கம்பெனிக்கே திருப்பி அனுப்பப் போகிறோம். நான்தான் பேச வேண்டுமாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். "மெஷின் பார்க்கப் போறேம்மா" என்று சொல்லி, இதே கம்பெனி வேலையாக நீ அங்கே போய் இரண்டு வருஷமாகிறது. உனக்கு இது தெரியாதா? சட்டை தைக்கிறவளுக்குக் கை எங்கே வரும் என்று தெரியாமல் இருக்குமா? எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். கம்பெனி மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்கலாம். நீ என்னிடம் சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா


ஜூன் 11

அன்புள்ள அம்மா,

தெரியும். இங்கே வந்த முதல் மாதமே தெரியும். அறிவிப்பு வரும்வரை வெளியே பேசக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதைச் சாக்காகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தீப்பொறி மாமா பின்தெருவில் இருக்கிறார். உன்னிடம் சொன்னால் நீ அவர் முகத்தைப் பார்த்து எப்படி நடப்பாய் என்றும் யோசித்தேன்.

மெஷின் பார்க்க வந்தேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, ஆட்களைப் பழக்குவது. பட்டறையில் எல்லோரும் பெண்கள். அவர்களில் ஒருத்தியை ஒற்றைச் சடை என்று கூப்பிடுகிறோம். இரண்டு குழந்தைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு மலையடிவாரத்திலிருந்து வந்தவள். மதியம் எனக்கும் சேர்த்துத்தான் தட்டு எடுத்து வைப்பாள். அவர்கள் பாஷையில் என்னை அக்கா என்கிறார்கள். நல்லவர்கள் அம்மா.

ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் நீ பேசாதே. ஊசி பேசட்டும், அவன் வாய்க்குத் தீனி வேண்டும். நீதான் பேச வேண்டும் என்றால், எந்தக் கத்தரியை எடுத்துப் போகப் போகிறாய்? அதை மட்டும் எழுது.

அப்பாவிடம் சொல், இன்னொரு சால்வை அனுப்புகிறேன். அதில் உன் பெயரைத் தைத்து அனுப்புகிறேன்.

உன் வாலு


ஜூன் 20

அன்புள்ள மகளுக்கு,

'தெரியும்' என்ற அந்த ஒரு சொல்லை இரண்டு மூன்று தரம் படித்தேன். போகட்டும்.

நான் பேசத்தான் போகிறேன். வகுப்பறையில் வாக்குக் கொடுத்தவள் நான். பிள்ளைகளை ஒரு வழியில் நடக்கச் சொல்லிவிட்டு, பாலம் இடியும்போது டீச்சர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அது பாடமாகுமா?

எந்தக் கத்தரி என்று கேட்டாய். என் பழைய கத்தரியின் நடு ஆணி தேய்ந்துவிட்டது. போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் பிறகு கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கினேனே, அந்தப் பத்து அங்குலக் கத்தரிதான். கையில் எடுத்தால் வைக்க மனம் வரவில்லை.

நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நம் வகுப்பின் ஈரத்துணிப் பரீட்சை உனக்கு நினைவிருக்கும். மல் துணியை நனைத்து நாலாக மடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் வெட்ட வேண்டும். ஒரு நூல் தொங்கினாலும் அந்தக் கத்தரி தோற்றது. ஊசி கடைத்தெருவிலிருந்து வெளிநாட்டுக் கத்தரி ஒன்று வாங்கி வந்திருந்தான். ஏதோ பேர் தெரியாத கம்பெனி. அது பாதி வழியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. என் கொக்கு மார்க் ஒரே வெட்டு! மறுபக்கம் பார்த்தால் ஒரு நூல்கூட இல்லை. "இதான் டீச்சர், இதையே மேடையில செஞ்சு காட்டுங்க. பத்திரிகைக்காரன் வரான்" என்று ஊசி குதித்தான்.

அதையேதான் செய்யப் போகிறேன். கத்தரியைத் தூக்கிக் காட்டி, இதுபோல் ஒன்றை அங்கே செய்து காட்டட்டும் என்று கேட்கப் போகிறேன். உன் பட்டறைப் பெண்கள் நல்லவர்களாக இருக்கலாம். நல்ல மனசு வேறு, கைப்பதம் வேறு. வயிற்றுப்பாட்டுக்கு வந்து நாலு மாதம் பழகிய கைக்கு இந்தப் பதம் வராது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஜூன் 28

அன்புள்ள அம்மா,

இதை எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று நினைத்துப் பார்த்தேன். முடியாது. ஆயிரம் பேர் எதிரில் நீ தவறாக ஒன்றைச் சொல்லப் போகிறாய். தடுக்காவிட்டால் நான் உன் மகளே இல்லை.

உன் கத்தரி இங்கே செய்தது. பத்து அங்குலக் கத்தரி முழுவதும் ஒன்றரை வருஷமாக எங்கள் பட்டறையில்தான் தயாராகிறது. அது வந்த அட்டைப்பெட்டியின் அடியில் பார். சின்ன எழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும். கம்பெனி பொய் சொல்லவில்லை. யாருக்கும் கேட்காத குரலில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே வந்தபோது பரிசோதனைக்கு ஒரு மெஷின் இருந்தது. அது முனையைச் சரியாகப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு உன் வகுப்புதான் ஞாபகம் வந்தது. ஒரு வாளித் தண்ணீரும் மல் துணியும் கொண்டுவரச் சொன்னேன். இன்றுவரை ஈரத்துணியை வெட்டாமல் ஒரு கத்தரியும் இங்கிருந்து வெளியே போவதில்லை. "கத்தரியை நெரிக்காதே, தூக்கிக்கோ" என்று நீ சொல்வாயே, அதை அவர்கள் பாஷையில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒற்றைச் சடை அதை என் குரலிலேயே சொல்லிக் கிண்டல் செய்வாள். நீ மேடையில் வைக்கப்போகும் பரீட்சையில் உன் கத்தரி தேறாமல் எப்படி இருக்கும்? அந்தப் பரீட்சைக்கென்றே தயாரானது அது.

'பதம் வராது' என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்தால், "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்று அவர்கள் சுற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை, முழங்கால் வலியாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ என்ன செய்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

உன் வாலு


ஜூலை 17

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்ததும் பெட்டியைத் தேடினேன். அதில் பட்டன் போட்டு வைத்திருந்தேன். கவிழ்த்துப் பார்த்தால் நீ சொன்ன எழுத்து இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார். "பேசாம காய்ச்சல்னு படுத்துக்க. நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார். வாழ்நாளில் அவர் எனக்காகச் சொல்ல முன்வந்த முதல் பொய். அதற்காகவாவது படுத்திருக்கலாம். முடியவில்லை.

மண்டபத்தில் உட்கார இடமில்லை. மேஜைமேல் கத்தரிகள் குவிந்திருந்தன. வெட்டிக் காட்டினேன். கைதட்டல் அடங்கியதும் சொன்னேன்: "இது நல்ல கத்தரி. ஆனா இது இந்த ஊர்ல செஞ்சதில்ல. என் பொண்ணு இருக்கிற நாட்டுல, அவ பழக்கின பொண்ணுங்க செஞ்சது. போன வாரம் வரைக்கும் எனக்கே தெரியாது. அவங்களால முடியாதுன்னு பேசத்தான் இங்க வரவேண்டியவ நான். முடியுது. அவங்க வேலையைக் குறை சொல்லி நம்ம வேலையைக் காப்பாத்த முடியாது. ஒருத்தன் நாப்பது வருஷம் உழைச்ச இடத்தை, அவனை ஒரு வார்த்தை கேக்காம மூடலாமா? நாம கேக்க வேண்டியது அதைத்தான்."

இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. ஊசி எழுந்து, "அப்ப எங்களை எதுக்கு டீச்சர் கூப்பிட்டீங்க? பொண்ணு பேரைக் காப்பாத்தவா?" என்றான். பின்னாலிருந்து ஒருவன், "தாய்க்கும் பொண்ணுக்கும் கம்பெனி எவ்வளவு குடுத்துது?" என்று கத்தினான். ஒவ்வொருவராக மேஜையிலிருந்து தங்கள் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார்கள். திருப்பி அனுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தீப்பொறி மாமா கடைசியாக வந்தார். குரலை உயர்த்தவில்லை. "எங்களை மாதிரி யாராலும் முடியாதுன்னு ஒரு பேச்சுதான் கையில மிச்சம் இருந்துச்சு டீச்சர். இனி அதுவும் இல்ல."

நான் சொன்னது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. இரண்டையும் எப்படி ஒட்டுப்போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் என் பேச்சின் முதல் பாதி மட்டும் வந்தது. அடுத்த நாள் கம்பெனி அதையே அறிக்கையாக விட்டது: 'மூத்த தையல் ஆசிரியையே தரத்தை ஒப்புக்கொண்டார்.' என்னைக் கேட்காமலேயே எனக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு இப்போது யாரும் வருவதில்லை. எதிரில் ஊசியைப் பார்த்தேன். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான்.

உன் பெண்களிடம் சொல். முழங்கால் வலி என்பது பொய், அம்மா அவசரப்பட்டுத் தப்பாக எழுதிவிட்டாள் என்று சொல். ஒற்றைச் சடைக்கு என் ஆசி.

அம்மா


ஜூலை 26

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றே படித்தேன். நான் எழுதாமல் இருந்திருந்தால் ஊசி உன்னோடு பேசிக்கொண்டிருப்பான். ஒற்றைச் சடையிடம் உன் சேதியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கை துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்கம்மா மேடையில எங்களைப் பத்திச் சொன்னாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

வேறொரு செய்தி. இந்தப் பட்டறைக்கு என்னையே தலைமைப் பொறுப்பில் போடுகிறார்கள். ஐந்து வருஷம். உன் பேச்சு வந்த பேப்பரைக் காட்டித்தான் மேலதிகாரி கை கொடுத்தார். எனக்குக் கூசியது. ஆனாலும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்த முறை உன்னைக் கேட்காமல் பதில் சொல்ல மனமில்லை. உன் ஆசீர்வாதம் வேண்டும்.

உன் வாலு


ஆகஸ்ட் 5

அன்புள்ள வாலு,

கேட்டாயே, அதுவே போதும். உனக்கு வேலை பிடித்திருக்கிறது என்றால் ஏற்றுக்கொள். உன்னைத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வந்து இங்கே எந்தக் கதவைத் தட்டுவாய்?

நேற்று தீப்பொறி மாமா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க டீச்சர்" என்றாள். அவர் பின்கட்டிலிருந்து வரவில்லை. கொஞ்சநேரம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது அவள், "வேலை போனதைக்கூட தாங்கிக்குவாரு டீச்சர். ரெண்டு வருஷமா தெரிஞ்சே எங்களை அதே வேலையைச் செய்ய வெச்சாங்க பாருங்க, அதைத்தான் சொல்லிச் சொல்லி உருகறாரு. முன்னமே சொல்லியிருந்தா பையனை வேற படிப்பு படிக்க வெச்சிருப்பாராம்" என்றாள்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கணக்கை ஒரு முறை ஒரு வழியில் போட்டவன், அடுத்த முறையும் அதே வழியில்தான் போடுவான். கூலி குறைவான இன்னொரு நாடு கண்ணில் படும்; கம்பெனி அங்கிருந்தும் கிளம்பும். அன்றைக்கு வாயைத் திறக்காதே என்று ஒரு காகிதத்தை உன்முன் நீட்டுவார்கள். நீ பெரிய பொறுப்பில் இருப்பாய். முதல் கையெழுத்தே உன்னுடையதாக இருக்கும்.

அதைப் போடமாட்டேன் என்று எனக்கு எழுது. தெரிந்த அன்றே ஒற்றைச் சடையைக் கூப்பிட்டு, அவள் பாஷையிலேயே சொல்லிவிடுவேன் என்று எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தக் கடிதம் என் கைக்கு வரட்டும். ஆசீர்வாதத்தை அதுவரை நான் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா