ஆணிக்கடையில் கிடைத்த திருத்தம்

அன்புள்ள அப்பா,

நான் நலம். ஆபரேஷன் செய்த கண்ணில் உறுத்தல் குறைந்ததா?

நாங்கள் பள்ளிகளுக்காகச் செய்த மென்பொருளை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் நிறுவும்படி தொகுத்துத் தருவது என் வேலை. அது ஓட, யார் யாரோ இலவசமாக எழுதிய முந்நூறு நிரல்கள் துணைக்கு வேண்டும். அவற்றில் ஒன்று மக்கர் செய்ததால் எல்லாமே நின்றுவிட்டது. எழுதியவரைத் தேடினால், இதே ஊரில் சாலை பஜாரில் ஆணிக்கடை வைத்திருக்கும் பத்மப்ரியா அக்கா. நேரில் போனேன்.

“கடையில ஆளில்லாதப்போ திருத்துவேன், கேட்டோ. பதினோரு வருஷமாச்சு” என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னவர், ஒருவருக்குக் கால் கிலோ ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே சரிசெய்தார். எத்தனையோ நாட்டுக் கணினிகள் அந்தக் கடையை நம்பி ஓடுகின்றன.

அம்மாவிடம் இட்லிப்பொடி இரண்டு பொட்டலமாகக் கேளுங்கள். ஒன்று அக்காவுக்கு. நான் இங்கு வந்த எட்டு மாதத்தில் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

கலைச்செல்வி